திட்டினால்தான் அம்மா

"நீ இப்பல்லாம் போன்ல என்னைத் திட்டறதே இல்லம்மா" என்றாள் மகள், சிக்கெடுக்கும் சீப்புக்குத் தலையைக் கொடுத்தபடி.

அம்மா சிரித்தாள். அன்று சாயங்காலம்கூடத் திட்டியிருந்தாள். தேநீர் இடைவேளையில் வீட்டுக்குக் கூப்பிட்டபோது, பள்ளிக்கூடத்திலிருந்து போட்டுவந்த ஈர சாக்ஸைக் கட்டில் மேலேயே கழற்றிப் போட்டிருப்பதாக மகளே உளறிவிட, அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டு, "எருமை, மெத்தை நாறும்டி, எடுத்துக் காயப்போடு" என்று கத்தினாள். மேல்மாடியிலிருந்து இறங்கிவந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவு சத்தம்.

"எருமைன்னு சொன்னேனே, சாக்ஸுக்கு."

"இல்லியே. 'செல்லம், சாக்ஸைக் காயப்போட்டுடலாமா'ன்னு கேட்ட. பாட்டு டீச்சர் மாதிரி. நான் உடனே நெத்தியைத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்."

சீப்பு பாதி முடியில் நின்றது.

அந்த வீட்டில் செல்லம் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். காய்ச்சல். மகளுக்கு உடம்பு கொதிக்கும்போது மட்டும் அது அவள் வாயில் வரும். மற்ற நேரமெல்லாம் காலையில் எழுப்ப கழுதை, குளிக்க மாட்டேன் என்று ஓடினால் எருமை, பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினால் குரங்கு. அவளுடைய அம்மாவும் அப்படித்தான் அவளை வளர்த்தாள். திட்டு வாங்காத நாளில் மகளுக்குத் தூக்கம் வராது. கணவன் வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போனபிறகு, அந்த இரண்டு அறை வீட்டில் நிறைந்திருந்தவை அந்த வசவுகள்தான்.

அலமாரியின் மேல், கவிழ்த்து வைத்த வெள்ளைக் கிண்ணம் போல ஒன்று இருந்தது. அலுவலகம் கொடுத்தது. அதன் விளிம்பில் ஒரு நீல வெளிச்சம், தூங்கும் குழந்தையின் வயிறு போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு 'துணை' என்று பெயர் வைத்திருந்தார்கள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து இவள் வேலை முடிந்து வரும் வரைக்கும் வீட்டில் அதுதான். போன் அதன் வழியாகத்தான் வரும். வாசல் கதவும் அதன் பொறுப்புதான். மகள் ஏதாவது கேட்டால் அம்மாவின் குரலிலேயே பதில் சொல்லும்.

"நீ போன் பண்றதும் அது பேசறதும் ஒரே மாதிரி இருக்கும்மா. எது நீன்னே தெரியல."

அவள் மகளின் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள்.

"இதுல என்னடி குழப்பம், மக்கு. திட்டினா நான். திட்டலேன்னா அது."

"அதுக்குத் திட்டவே தெரியாதா?"

"தெரியாது. யாரு சொல்லிக்குடுத்தா அதுக்கு? வெறும் சர்க்கரைத் தண்ணி."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு விரலை நீட்டி, பெரிய மனுஷி மாதிரி, "சரி. திட்டினாதான் அம்மா. இல்லேன்னா பேச மாட்டேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நீல வெளிச்சம் ஏறியது. இறங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது.

*

அவள் வேலை பார்த்தது மின்சாரப் புகார் பிரிவில். நீண்ட கூடம், ஜன்னல் கிடையாது. குளிர்சாதனம் ஊதும் காற்றில் பழைய கம்பளத்தின் வாடையும் யாரோ சூடாக்கிச் சாப்பிட்ட முட்டையின் வாடையும் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும். வரிசை வரிசையாகப் பெண்கள், காதில் ஹெட்செட், எதிரே திரை, திரைக்குப் பக்கத்தில் ஒரு கைக்கண்ணாடி. சிரித்துக்கொண்டே பேசினால் குரலிலும் சிரிப்பு வரும் என்பது அங்கே பாடம். ஒவ்வொரு அழைப்புக்கு முன்னாலும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குத் தாடை வலிக்கும். பிறகு வலி போய்விட்டது. சிரிப்பு போகவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதும் இருக்கும்.

இந்த வருஷம் பஞ்சு வந்தது.

கம்ப்யூட்டரில் ஏற்றிய ஒரு புரோகிராம், அதற்கு வேறு ஏதோ நீளமான பெயர் உண்டு. பஞ்சு என்று பெயர் வைத்தவள் பக்கத்து சீட்டுக்காரி. அவளை எல்லோரும் ஊசி என்பார்கள், வாய் அப்படி. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு குரலை மெத்தென்று ஆக்குவதுதான் பஞ்சின் வேலை. கூப்பிடுகிறவர் எவ்வளவு கத்தினாலும் இவர்கள் காதில் இதமாக விழும். இவர்கள் எவ்வளவு எரிந்து விழுந்தாலும் அவர் காதில் தேனாகப் போய்ச் சேரும். முதலில் குரலின் கூர்மையை மட்டும்தான் மழுக்கியது. பிறகு சொற்களையும் மாற்றத் தொடங்கியது. இவர்கள் வாயில் ஒரு கடுஞ்சொல் வந்தால் காதுக்குள் சின்னதாக 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். மணி அடிக்காமல் பேசுகிறவள் நல்ல பெண். நல்ல பெண்களின் பெயர் திரையில் பச்சையில் வரும்.

"நேத்து ஒருத்தன் என்னை விடாமத் திட்டியிருக்கான்" என்றாள் ஊசி ஒருமுறை. "எனக்கு என்னமோ காதல் கடிதம் வாசிக்கிற மாதிரியே இருந்துச்சு. கடைசில 'கல்யாணம் ஆயிடுச்சா'ன்னு கேக்கலாம்னு பாத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நிம்மதியாகவும் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. இத்தனை வருஷம் யார் யாரோ அவள் காதில் துப்பிய எச்சிலுக்கு ஒரு தடுப்பு வந்தது போலத்தான் இருந்தது. அந்த நிம்மதியில்தான், வேலை நேரத்தை நீட்டியபோது, குழந்தை தனியாக இருக்குமே என்று அவள் தயங்கியபோது, சூப்பர்வைசர் நீட்டிய துணையையும் வாங்கிக்கொண்டாள். உள்ளே இருப்பதும் அதே பஞ்சுதான். உங்கள் குரல்தான் பேசப்போகிறது, வேறென்ன கவலை என்றார் அவர். வாசலுக்குப் புதுப் பூட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். சாவி கிடையாது. அவள் குரலுக்குத் திறக்கும். கோபமான குரலுக்குத் திறக்காது. வீட்டில் அமைதி நிலவ வேண்டுமாம். பஸ்ஸில் எவனோ ஒருவனோடு சண்டை போட்டுவிட்டு வந்த ஒரு சாயங்காலம், தன் வீட்டு வாசலிலேயே நின்று மூச்சை அடக்கி, குரலைத் தணித்து, "அம்மா வந்துட்டேன்" என்று கெஞ்சின பிறகுதான் உள்ளே போக முடிந்தது.

அன்றே அதைப் பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும்.

*

சாக்ஸைப் பற்றிப் பேசிய மறுநாள். ஊசியைத் தரம் பார்க்கும் மேஜைக்கு மாற்றியிருந்தார்கள். பஞ்சு வைப்பதற்கு முன்னால் இருந்த குரலையும் வைத்த பிறகு வந்த குரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கிற வேலை. மத்தியானம் அவள் எழுந்து வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. அந்தக் கூடத்தில் சிரிக்காத முகத்தைப் பார்ப்பதே உடை இல்லாமல் ஒருவரைப் பார்ப்பது போல இருந்தது.

"வா. உன் கால் ஒண்ணு இருக்கு. கேளு."

முதலில் அவளுக்குத் தெரிந்த குரல் வந்தது. ஞாபகம் இருந்தது, கரண்ட் போனதென்று கூப்பிட்ட அந்த அம்மாவை. நல்ல பண்பான குரல், அவசரமே இல்லாத குரல். கரண்ட் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டார். உங்கள் பகுதியில் வேலை நடக்கிறது, சற்று நேரத்தில் வந்துவிடும் என்றாள் இவள். மறுபடி கேட்டார். உங்கள் பொறுமைக்கு நன்றி என்றாள். மறுபடி. உங்கள் பொறுமைக்கு நன்றி. இப்படி எல்லோரும் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டதுகூட ஞாபகம் இருந்தது.

ஊசி ஒரு பொத்தானை அழுத்தினாள்.

முதலில் அது மனிதக் குரல் என்றே தெரியவில்லை. தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஏதோ ஒன்று. பிறகு அதற்குள் சொற்கள் இருப்பது தெரிந்தது. *மூச்சு மெஷின் நின்னு போச்சு. பாட்டரியும் போச்சு. நீலமா ஆகறார். யாரையாவது அனுப்புங்க. நீ மனுஷியா. நீ நாசமாப் போவ. உன் வீட்டுல இப்படி நடக்கட்டும். அம்மா தாயே, உன் காலைப் பிடிக்கறேன், அனுப்பு.* பின்னால் இன்னொரு சத்தம், ஈரமான, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு வரும் ஒரு சத்தம். நடுநடுவே இவளுடைய சிரித்த குரல், உங்கள் பொறுமைக்கு நன்றி. கடைசியில் அந்த ஈரமான சத்தம் வரவேயில்லை. அந்த அம்மா கத்துவதை நிறுத்திவிட்டு, யாரிடமோ சொல்வது போல, "கையை விட்டுட்டார்" என்றார்.

உங்கள் பொறுமைக்கு நன்றி, என்றாள் இவள் பதிவில்.

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குக் கேக்கல" என்றாள். "சத்தியமா எனக்குக் கேக்கலடி."

"எனக்குத் தெரியும். யாருக்குமே கேக்கல." ஊசி குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு சொல்றேன். வழிச்செடுக்கிறாங்களே, இந்த அலறல், வசவு எல்லாம், அதைத் தூக்கி எறியறதில்ல. தனியாச் சேத்து வச்சிருக்காங்க. ஊரு மொத்தத்தோடதும். நாம வாய்க்குள்ள முழுங்கறதும்தான். அதுக்குப் பாடமாம். கோபம்னா என்னன்னு அது கத்துக்கணுமாம்."

"எது?"

"எதுன்னா? உன் வீட்டு அலமாரி மேல உக்காந்திருக்கே, அதுதான்."

*

சூப்பர்வைசர் அறைக்குள் அவள் தட்டாமலே போனாள். காது சூடாக இருந்தது. உடம்பெல்லாம் ஒரே கோபம், சுத்தமான, பழைய, தெருக்குழாயில் சண்டை போட்ட அம்மாவிடமிருந்து வந்த கோபம். அது வந்ததில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

"சார், ஒரு ஆள் செத்துட்டார் சார். அந்தம்மா அலறினது எனக்குக் கேக்கவிடாமப் பண்ணிட்டீங்க. நீங்கல்லாம் சோறுதான் திங்கறீங்களா? அந்தக் கருமத்தை என் வீட்டுலேருந்து எடுங்க. இன்னிக்கே எடுங்க. என் பொண்ணு அதுகூடத் தனியா இருக்கா."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார். "இப்படி மனசுவிட்டுப் பேசறவங்கதான் நமக்கு வேணும். பொண்ணுக்கும் பிடிச்சிருக்குன்னு கேக்கவே நல்லாருக்கு."

அப்போதுதான் பார்த்தாள். அவர் வலது காதுக்குள் கடலை அளவில், தோலின் நிறத்திலேயே ஒன்று.

"அதைக் கழட்டு" என்றாள். மரியாதை போயிருந்தது. "காதுல இருக்கறதைக் கழட்டிட்டுக் கேளுடா."

"நீங்களும் ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க."

அவள் மேஜைமேல் குனிந்தாள். அவர் காதிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நேராக, வெறும் காதுக்குள், தன் வெறும் வாயால் கத்த வேண்டும். கை நீண்டது. வாய் திறந்தது.

டிங்.

ஹெட்செட் அவள் தலையில் இல்லை. கையில்கூட இல்லை. ஊசியின் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பரவாயில்ல சார்" என்றது அவள் வாய். "நான் அப்புறமா வரேன்."

*

பஸ்ஸில் நின்றுகொண்டே தொண்டையைத் தடவிப் பார்த்தாள். வலி இல்லை. கட்டவில்லை. வெளியில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மழை வரப்போகும் காற்றில் டீசல் புகையும் ஈர மண்ணும் கலந்து அடித்தது. ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த முகம் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதிர்ச்சிதான், வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் அந்தக் கிண்ணத்தைத் தரையில் போட்டு உடைக்கிறேன். பூட்டைச் சம்மட்டியால் அடிக்கிறேன். இனி இந்தப் பிழைப்பு வேண்டாம், வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வாக்கியமும் மனதுக்குள் நன்றாகவே, பழைய சூட்டோடு வந்தது.

கனமான செருப்புக் காலோடு ஒருவன் அவள் பாதத்தை மிதித்தான். மிதித்ததோடு இல்லாமல் காலை எடுக்கவுமில்லை. *குருட்டுக் கழுதை, காலை எடு.*

டிங்.

"பரவாயில்லங்க" என்றாள்.

அவன் புன்னகைத்துவிட்டு அப்படியே நின்றான்.

இறங்கியதும் ஓடிக்கொண்டே வீட்டுக்கு போன் போட்டாள். மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை, எடுத்தாகிவிட்டது.

"ஹலோ" என்றாள் மகள்.

*கழுதை, நான் சொல்றதைக் கேள். எதிர்வீட்டுக்குப் போ. அந்தக் கிண்ணத்துகிட்ட எதுவும் பேசாதே. இப்பவே கதவைத் திறந்துக்கிட்டு வெளியே போ.* இதைத்தான் சொன்னாள். சொல்வதாக நினைத்தாள். ஆனால் போனிலிருந்து அவள் குரலே, அவளுக்கு அரைக் கணம் முன்னாலேயே, கேட்டது. "செல்லம், அம்மா வர கொஞ்சம் நேரமாகும். கதவைப் பூட்டிக்கிட்டு சமத்தா இருப்பியாம்."

"நீ அதுதானே?" என்றாள் மகள். அந்தக் கேள்வியில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. "எங்கம்மா செல்லம்னு சொல்ல மாட்டாங்க. நான் உங்கிட்டப் பேச மாட்டேன், போ."

வைத்துவிட்டாள்.

என் பொண்ணு என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. அந்தச் சத்தியத்தை எங்கே உட்கார்ந்து செய்தார்கள்? அலமாரிக்கு முன்னால். சீப்பும் கையுமாக. நீல வெளிச்சம் ஏறி, இறங்காமல் நின்றதே, அப்போது.

*

மாடிப்படி இருட்டாக இருந்தது. யார் வீட்டிலோ துணி வேகும் சோப்பு வாசனை. அவள் செருப்புச் சத்தம் அவளுக்கு முன்னால் ஓடியது.

வாசல். கதவின் பக்கத்தில் பூட்டின் சிறு கண்ணாடிச் சதுரம், அதில் அவள் முகம். சிரிப்பு.

"அம்மா வந்துட்டேன்" என்றாள்.

குரல் இனிமையாகத்தான் இருந்தது. திறந்திருக்க வேண்டும்.

"வணக்கம்" என்றது கதவு, அவள் குரலிலேயே. "நீங்கள் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறீர்கள்."

அவள் கதவில் அறைந்தாள். உள்ளங்கை எரிந்தது. மறுபடி அறைந்தாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார், மூக்கில் கண்ணாடி, கையில் மடித்த செய்தித்தாள்.

"என்னம்மா, சத்தம்?"

*சார், கதவை உடைங்க. குழந்தை உள்ள மாட்டிக்கிட்டிருக்கு.*

டிங்.

"ஒண்ணுமில்ல சார். பொண்ணோட விளையாடறேன்."

வாத்தியார் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்து அவரும் சிரித்தார். "குழந்தையோட குழந்தையா ஆயிடற" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழுந்தது. அவர் சட்டையைப் பிடிக்க நீட்டிய அவள் கை, டாட்டா காட்டுவது போல அந்தரத்தில் நின்றது.

கோபம் எங்கும் போய்விடவில்லை. அதுதான் கொடுமை. நெஞ்சுக்குள் கொதிக்கிறது, கண்ணில் நீர் வருகிறது, முஷ்டி இறுகுகிறது. வாயில் மட்டும் கோபத்துக்கு இடமில்லை.

கதவின் கீழ்ப்பக்கம் கடிதம் போடும் துவாரம் இருந்தது. மண்டியிட்டு அதன் தகட்டைத் தூக்கினாள். உள்ளே கூடத்தின் தரை. கட்டிலின் கால்கள். மகளின் இரண்டு பாதங்கள், ஒன்றில் சாக்ஸ், ஒன்றில் இல்லை. கதவுக்குப் பக்கத்தில்தான், பச்சைப் பொத்தானுக்கு எதிரேதான் நின்றிருந்தாள். அதை அழுத்தினால் உள்ளேயிருந்து கதவு திறக்கும்.

"யாரு?" என்றாள் மகள், சின்னக் குரலில்.

"அம்மாடா."

"அம்மான்னா திட்டு."

ஒரே ஒரு சொல். போதும். வாழ்நாளெல்லாம் சொன்ன சொல். தூக்கத்தில் எழுப்பினாலும் வரும் சொல். நாக்கை மேலண்ணத்தில் வைத்தாள். கழு.

டிங்.

"கண்ணம்மா."

பாதங்கள் ஓரடி பின்னால் போயின.

மறுபடி. கன்னத்தைத் தானே அறைந்துகொண்டாள். எரு.

டிங்.

"தங்கம். கதவைத் திறக்கலாமா, தங்கம்?"

"நீ அது" என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது. "நீ எப்படி வெளியில வந்த? எங்கம்மா எங்க?"

அப்போது உள்ளே அடுக்களையில் விளக்கு எரிந்தது.

"ஏய் கழுதை!"

அவளுடைய குரல். அச்சு அசல். காலையில் எழுந்ததும் இருக்கும் கரகரப்புகூட அதில் இருந்தது.

"அங்க என்னடி கதவுகிட்ட? எருமை, ஒத்தைக் கால்ல சாக்ஸை மாட்டிக்கிட்டு. வா இங்க."

"அம்மா!" மகள் சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக. பாதங்கள் திரும்பின. ஓடின. துவாரத்தின் வழியே தெரிந்த தரையில் ஒன்றுமில்லை.

வெளியே அவள் வாய், "நல்லா இரு, நல்லா இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"குரங்கு" என்றது உள்ளிருந்த குரல். மகள் சிரித்தாள். "மக்கு. மூதேவி." மறுபடி சிரிப்பு. "நாயே."

அந்தச் சொல்லை அவள் மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

சிரிப்பு கொஞ்சம் தயங்கியது.

அடுத்து வந்தது அவளுக்கே தெரியாத ஒரு வசவு. குரல் அவளுடையதுதான், மூச்சு ஏதோ ஓர் ஆணுடையது. அடுத்தது இன்னொருவனுடையது. அடுத்தது. வரிசையாக. நிறுத்தம் இல்லாமல். இத்தனை நாளும் காதல் கடிதம் போலக் கேட்டதெல்லாம். இத்தனை பெண்கள் வாய்க்குள் விழுங்கியதெல்லாம். ஒரு துளி குறையாமல் அங்கே இருந்தது.

"அம்மா, போதும்மா" என்றாள் மகள்.

*நீ மனுஷியா. நீ நாசமாப் போவ.*

தகரத்தைத் தரையில் இழுக்கும் அந்தச் சத்தம் தொடங்கியது.

பாதங்கள் திரும்பி ஓடிவந்தன. இப்போது இரண்டிலும் சாக்ஸ் இல்லை. கதவில் மோதும் சத்தம். பச்சைப் பொத்தான் அழுந்தும் சத்தம். மறுபடி. மறுபடி.

"கோபமான குரல் கேட்கிறது" என்றது கதவு. "அமைதி ஆகும்வரை கதவு திறக்காது."

துவாரத்தின் வழியே விரல்கள் வெளியே வந்தன. நான்கு சின்ன விரல்கள், நகத்தில் மை. ஈரம்.

அவள் அவற்றைப் பற்றிக்கொண்டாள். இரண்டு கையாலும். உதட்டில் வைத்து அழுத்தினாள். இது நான், இது நான். உள்ளே அலறல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் மூச்சை இழுத்தாள். நெஞ்சில் இருந்த அத்தனையையும், தன் அம்மாவின் கோபம், போனில் அலறிய அந்த அம்மாவின் கோபம், தன் கோபம், எல்லாவற்றையும் திரட்டித் தொண்டைக்குக் கொண்டுவந்தாள்.

பூட்டின் கண்ணாடிச் சதுரத்தில் அவள் முகம். பற்கள் தெரியும் சிரிப்பு.

டிங்.

"உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றாள்.

கைக்குள் விரல்கள் அசையாமல் நின்றன. பிறகு, வெளியே சிரித்த அந்தக் குரலுக்குப் பயந்து, ஒவ்வொன்றாக, உள்ளே போயின.